ஆறு திறக்கும், ஓதம் காக்கும்

கோடையில் அடையாறு முகத்துவாரம் மூடிக்கொண்டால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால் மணல் மேடிட்டுவிட்டது. நேப்பியர் பாலத்தடியில் கூவத்துக்கும், எண்ணூர் கழிக்கும், பழவேற்காட்டுக்கும் இதே பதில்தான். இது பாதி உண்மை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் சில நாள் பாய்ந்து வாயை உடைத்துத் திறக்கிறது, அது சரி. மழை ஓய்ந்தபின் வரும் எட்டு ஒன்பது மாதம் அந்த வாயைத் திறந்தபடி வைத்திருப்பது யார்? ஆறு வறண்டு கிடக்கிறது. அந்த மாதங்களில் வாசலைப் பெருக்கிக்கொண்டே இருப்பது கடலின் ஓதம். நாளுக்கு இரண்டு முறை உள்ளே ஏறி, இரண்டு முறை வெளியே வற்றுகிற நீர். அந்த நீர் போய்த் தங்குவதற்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் வாய் மூடுமா மூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. கழிவெளியை, அதாவது ஓதம் ஏறித் தங்கும் அந்த உப்பங்கழிப் பரப்பை, மண் கொட்டி மேடாக்கிவிட்டு, முகத்துவாரத்தில் வருடாவருடம் பொக்லைன் வைத்து மணல் அள்ளுவது எதற்காக என்று கேட்கவேண்டிய இடம் இதுதான்.

கணக்கை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மணல். சோழமண்டலக் கரையில் அலை சாய்வாக வந்து மோதுகிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் கரையோரமாக வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை திசை மாறித் தெற்கே நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வருட இறுதியில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. அது எவ்வளவு பெரியது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், சென்னைத் துறைமுகத்தைப் பார்த்தால் போதும். 1870-களில் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. வடக்கே போகவேண்டிய மணல் தெற்கிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். கூவத்தின் வாய் துறைமுகத்துக்கு உடனடித் தெற்கே, மணல் வந்து குவியும் அந்த மூலையில்தான் இருக்கிறது. மற்ற முகத்துவாரங்களைவிட அது பிடிவாதமாக மூடிக்கொள்வதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வருடத்துக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் ஒரு முகத்துவாரத்தைக் கடந்து போக முயல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரையிலிருந்து ஒரு மணல்நாக்கு வடக்கே நீளும். வாய் ஒடுங்கும், வடக்கே தள்ளப்படும். ஓதம் வலுவாக இருந்தால் அந்த நாக்கின் நுனியை அரித்து வெளியே துப்பும். இல்லையென்றால் நாக்கு எதிர்க்கரையைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு அலை மேலே மணலை ஏற்றி ஏற்றித் திட்டாக்கிவிடும்.

இனி நீர். ஓர் ஏற்றத்தில் உள்ளே புகும் மொத்த நீரின் கொள்ளளவை ஓதக் கொள்ளளவு என்று சொல்லலாம். அதைக் கணக்கிட இரண்டே எண்கள்: கழியின் நீர்ப்பரப்பு, அதில் நீர் எவ்வளவு உயர்ந்து தாழ்கிறது என்ற உயரம். 2 சதுர கிலோமீட்டர் கழியில் அரை மீட்டர் ஏற்றம் என்றால் 10 லட்சம் கன மீட்டர். அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1969-ல் பல முகத்துவாரங்களை ஒப்பிட்டு ஓர் உறவைக் காட்டினார்: வாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ஓதக் கொள்ளளவுக்கு நேர்விகிதத்தில் நிற்கிறது. அவருடைய எண்ணை மீட்டருக்கு மாற்றினால், கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.000066-ஆல் பெருக்கினால் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். நம் 10 லட்சத்துக்கு 66 சதுர மீட்டர். அதாவது 44 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். கழி அந்த அளவுக்குத் தன் வாயைத் தானே செதுக்கி வைத்துக்கொள்ளும்.

ஏன் இந்த விகிதம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம் கரையில் ஓதம் அரைநாள் ஓதம், ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம், அதாவது ஏறத்தாழ 44,700 நொடி. நீர் மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெல்ல அடங்குவதால் உச்ச வேகம் என்பது கொள்ளளவை 3.14-ஆல் பெருக்கி, சுற்றுக் காலத்தாலும் குறுக்குவெட்டாலும் வகுத்தது. போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1.06 மீட்டர் வரும். கொள்ளளவு எவ்வளவாக இருந்தாலும் இதே விடைதான். தன் வாயைத் தானே காக்கும் கழிகள் எல்லாவற்றிலும் உச்ச வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கிறது. அதற்கு மேல் போனால் அடி அரிக்கும், வாய் பெரிதாகும், வேகம் குறையும். கீழே போனால் மணல் படியும், வாய் சிறுக்கும், வேகம் கூடும். ஆனால் இந்தத் தராசுக்கு ஓர் எல்லை உண்டு. வாய் மிகவும் ஒடுங்கிவிட்டால் உராய்வு ஓதத்தையே உள்ளே விடாது. அப்போது சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுவதற்குப் பதில் குறையத் தொடங்கும். அந்தப் புள்ளியைத் தாண்டிய முகத்துவாரம் தானாக மீளாது, மூடியே தீரும். பொறியாளர் எஸ்கோஃபியர் 1940-ல் வரைந்து காட்டிய வளைவு இதுதான்.

இந்த ஒரு மீட்டர் வேகம் எல்லா நாளும் கிடைக்காது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓத வீச்சு சுமார் ஒரு மீட்டர். அட்டமியை ஒட்டி அது 40 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். சரியாகச் சொன்னால் உச்சமும் தாழ்வும் திதிக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியே வரும், ஆகவே ஓதம் மிக மெலிந்து கிடப்பது நவமி, தசமியில். மணலைக் கடத்தும் வலு வேகத்தின் மூன்றாம் படி முதல் ஐந்தாம் படி வரை ஏறுகிறது. வேகம் 0.4 மடங்காகக் குறைந்தால், மூன்றாம் படியை எடுத்தாலே வலு பதினைந்தில் ஒரு பங்குதான். அலையோ திதி பார்ப்பதில்லை. தெற்கிலிருந்து நெடும் அலை வரும் ஒரு தசமியில் மூன்று நாளில் அடைபடும் வாய், அதே அலை அமாவாசையில் வந்தால் பிழைத்துக்கொள்ளும்.

டேனிஷ் பொறியாளர் பெர் புரூன் இதற்கு எளிய அளவுகோல் ஒன்று வைத்தார். ஓதக் கொள்ளளவை வருட மணல் வரத்தால் வகுக்கவேண்டும். இரு திசையிலும் வரும் மணலைக் கூட்டி எடுக்கவேண்டும், கழித்து அல்ல. இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். விடை 150-க்கு மேல் என்றால் வாய் நன்றாக நிற்கும். 20-க்குக் கீழே என்றால் நிலையான வாய் இருக்காது, வெள்ளத்தில் திறந்து கோடையில் மூடும். வருட மணல் வரத்து 5 லட்சம் கன மீட்டர் என்று வைத்து, நம் 10 லட்சத்தை அதால் வகுத்தால் 2. சோழமண்டலக் கரையின் சிறு ஆறுகள் எல்லாமே இயல்பிலேயே விளிம்பில் நிற்பவை. தாங்கும் சக்தி மிச்சம் இல்லாதவை. ஆகவே உள்ளே ஒவ்வொரு ஏக்கரும் கணக்கில் வருகிறது.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அரை மீட்டர் ஓதம் ஏறும் ஒரு ஏக்கர் கழியை மேடாக்கினால் ஓர் ஓதத்துக்கு 2,000 கன மீட்டர் நீர் வாய்வழியே போய்வருவது நின்றுபோகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 705 ஓதம். 14 லட்சம் கன மீட்டர் நீர், ஒரு ஏக்கருக்கு. பாலத்துக்காகப் போட்ட மண்கரை, குப்பைமேடு, சாம்பல் படிவு, கட்டடக் கழிவு என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும். முகத்துவாரம் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

மேலே அரை மீட்டர் என்று எளிதாக எழுதிவிட்டேன். களத்தில் எல்லோரும் சறுக்கும் எண் அதுதான். துறைமுக ஓத அட்டவணையில் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் கழிக்குள்ளும் ஒரு மீட்டர் ஏறும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏறாது. ஒடுங்கிய வாய் ஓதத்தை நெரித்துவிடும். வெளியே கடல் உச்சியை எட்டியபின்னும் உள்ளே நீர் ஏறிக்கொண்டே இருக்கும். கடல் வற்றத் தொடங்கி ஒரு மணி, இரண்டு மணி கழித்துத்தான் உள்ளே திரும்பும். உள்ளே நீர் முழுக்க வற்றுமுன் அடுத்த ஏற்றம் வந்துவிடும். ஆகவே உள்மட்டத்தின் சராசரி கடலின் சராசரியைவிட உயர்ந்தே நிற்கும். பழவேற்காடு ஏரி இதற்குப் பெரிய சான்று. பரப்பில் அது நாட்டின் பெரிய காயல்களில் ஒன்று, ஆனால் வாய் சிறியது. கடலோதம் அந்தப் பரப்பு முழுக்கப் பரவும்போது வாயிலிருந்து தள்ளிப்போகப் போக மெலிந்துவிடுகிறது. பரப்பு இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான்.

எனவே உள்ளோதத்தை அளந்தாக வேண்டும். அதற்கு வேண்டியது ஓதக்கோல். இரண்டு மீட்டர் நீளப் பட்டை, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வண்ணமடித்தது, பாலத்தூணிலோ நட்ட கம்பத்திலோ செங்குத்தாகக் கட்டியது. ஒன்று கடற்பக்கம், ஒன்று உள்ளே, முடிந்தால் மேலே முதல் பாலத்தடியில் மூன்றாவது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை, குறைந்தது 25 மணி நேரம் படிக்கவேண்டும். 24 மணி போதாது, இரண்டு முழுச் சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அமாவாசையில் ஒரு முறை, தசமியில் ஒரு முறை. ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அலை கோலை நனைத்துக்கொண்டே இருப்பதால் கடற்பக்கக் கோலைச் சுற்றி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் போட்டு, அடியில் ஒரு சென்டிமீட்டர் துளை மட்டும் விட்டால் அலை அடங்கும், ஓதம் தெரியும். அந்தத் துளை அடைபடும். சேறும், ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் சேர்ந்து சில வாரத்தில் அடைத்துவிட்டால் கோல் அழகான, மழுங்கிய, பொய்யான வளைவைக் காட்டும். உள்ளே நீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஊற்றியது உடனே இறங்கவேண்டும்.

இரண்டு கோலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவராவிட்டால் எல்லாம் வீண். ஏற்ற நேரமும் வீச்சும் கிடைக்கும், ஆனால் உள்மட்டம் கடலைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பது கிடைக்காது. அந்த வித்தியாசம்தான் நீரைத் தள்ளும் விசை. தூரம் பத்திருபது மீட்டர் என்றால் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். ஒரே வாளி நல்ல நீரை நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தூரம் கூடினால் ஆட்டோ லெவல் வைத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து பிழையைச் சரிபார்க்கவேண்டும்.

கோலுக்குப் பதில் அழுத்தமானியை அடியில் போட்டுவிட்டு வருவது இப்போது வழக்கம். வசதிதான், ஆனால் கழியில் அது வேறொரு பொறி வைக்கிறது. அது அளப்பது நீரின் எடையை. வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் ஒரு சென்டிமீட்டர் மாறும், அதைக் கரையில் இன்னொரு மானி வைத்துக் கழித்துவிடுவார்கள். உப்பை மறந்துவிடுவார்கள். நம் வெப்பத்தில் நன்னீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 996 கிலோ, கடல்நீர் சுமார் 1,022. இரண்டு புள்ளி ஆறு சதவீத வித்தியாசம். மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மானிக்கு மேல் நன்னீர் போய் உப்புநீர் வந்தால், மட்டம் மாறாமலே 8 சென்டிமீட்டர் ஏறியதாகக் காட்டும். அட்டமி ஓதமே 40 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மானியோடு உப்புத்தன்மையையும் அளக்காத கழி ஓதப் பதிவை நம்ப முடியாது.

வாயின் குறுக்குவெட்டுக்குக் கயிறும் கோலும் போதும். இரண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் குறுக்கே கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் ஆழம் பார்த்து, பார்த்த நேரத்தையும் எழுதவேண்டும். அளந்து முடிப்பதற்குள் மட்டம் மாறியிருக்கும், நேரம் இருந்தால்தான் திருத்த முடியும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஒரு மீட்டர் வேகத்தில் இடுப்பளவு நீர் ஆளை நிற்க விடாது. நீர் நிலைகொள்ளும் அந்தச் சிறிது நேரத்தில் முடித்துவிடவேண்டும்.

வேகத்தை மிதவை விட்டுப் பார்க்கலாம். தெர்மோகோல் வேண்டாம், அது காற்றின் வேகத்தைச் சொல்லும். முக்கால்வாசி நீர் நிரப்பிய பாட்டில், அல்லது நீரில் முழுகி மிதக்கும் தேங்காய் நல்லது. 20 மீட்டரை 25 நொடியில் கடந்தால் நொடிக்கு 0.8 மீட்டர். நடுவிலும் இரு ஓரத்திலும் தனித்தனியாக விடவேண்டும். ஆற்றில் என்றால் மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கிச் சராசரி என்று எழுதிவிடலாம். கழியில் அப்படிச் செய்தால் பெரிய தவறாகிவிடும், ஏனென்றால் மேலே ஒரு திசையில் நீர் போகும்போது அடியில் எதிர்த்திசையில் போகலாம்.

உப்புநீர் கனமானது, அடியால் நுழையும். ஆற்று நீர் இலேசானது, மேலால் வெளியேறும். மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்திலோ கொள்ளிடத்திலோ நின்று மேலே பார்த்தால் கலங்கல் நீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே தெளிந்த உப்புநீர் ஆப்பு மாதிரி மேற்கே ஏறிக்கொண்டிருக்கும். ஒன்றரை மீட்டர் தடிமனுள்ள அந்த உப்பு நாக்கைத் தள்ளும் அடர்த்தி வித்தியாசம் அதற்கு நொடிக்கு அரை மீட்டரை ஒட்டிய வேகத்தைக் கொடுக்க வல்லது. இதைப் பார்க்க, இரண்டு தகரத்தைச் சிலுவை போலக் கோத்து, 30 சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றரை மீட்டர் கயிற்றில் கட்டி, மேலே சின்ன மிதவை ஒன்று போட்டு விடுங்கள். பக்கத்தில் மேல்மிதவை ஒன்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிந்து போவதைக் கண்ணால் பார்த்தபின் கழியை ஒரே நீராக நினைக்க மனம் வராது.

இந்த ஈரடுக்கு ஓட்டம் கடத்தும் நீர் எவ்வளவு? டென்மார்க்கின் இயற்பியலாளர் நுட்சன் 1900-ல் ஒரு கணக்குப் போட்டார். உள்ளே உப்பு சேரவும் இல்லை, குறையவும் இல்லை என்றால், அடியால் நுழையும் உப்பும் மேலால் போகும் உப்பும் சமம். ஆறு நொடிக்கு 10 கன மீட்டர் தருகிறது, வாயில் மேல்நீரின் உப்பு ஒரு கிலோ நீருக்கு 24 கிராம், அடிநீரின் உப்பு 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐ 32-ஆல் பெருக்கி, வித்தியாசமான 8-ஆல் வகுத்தால் 40. மேலால் வெளியேறுவது 40, அடியால் உள்ளே வருவது 30. பத்துக் கன மீட்டர் ஆற்றுநீர் தன்னைப்போல் மூன்று மடங்கு கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கழிக்குள் போவது, வெளியே போன நுண்மணலும் சேறும் அடியோடு திரும்பி வருவது எல்லாம் இந்த அடியோட்டத்தின் மேல்தான்.

உப்பை அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கெட்டுப்போன அளவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. வாயிலிருந்து மேலே 500 மீட்டருக்கு ஒரு நிலையம் என்று வைத்து, ஏற்றம் முடிந்து நீர் நிலைகொள்ளும் நேரத்தில் வாயில் தொடங்கி மேல்நோக்கிப் போகவேண்டும். அந்த நிலைகொள்ளல் மேலே போகப் போகப் பிந்தி வருவதால் படகும் அதோடு கூடவே போகலாம். எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு நிலையமும் ஓதத்தின் வெவ்வேறு கட்டத்தில் அளந்ததாகிவிடும். வரைபடம் அழகாக வரும், அப்படி ஒரு கழி எந்த நேரத்திலும் இருந்திராது.

நிலையத்தை நெருங்குமுன் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போடவேண்டும். விசிறி ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீரைக் கலக்கிவிடும், நாம் தேடிவந்த அடுக்கே அதனால் அழியும். நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்து உப்பைச் சொல்லும் கடத்துத்திறன் மானியின் கம்பியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு குறி, நுனியில் இரண்டு கிலோ குண்டு. மேலிருந்து கீழே இறக்கும்போது மட்டும் படிக்கவேண்டும், ஒவ்வொரு குறியிலும் அரை நிமிடம் நிறுத்தி. ஏற்றும்போது மானி அடிநீரையும் சேற்றையும் தன்னோடு தூக்கி வரும். ஓட்டத்தில் கம்பி சாய்ந்துவிட்டால் ஆழமும் பொய்: 30 டிகிரி சாய்ந்த மூன்று மீட்டர் கம்பி உண்மையில் 2.6 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. எண்கள் எப்படி வரும் என்றால், அரை மீட்டரில் 4, முக்காலில் 6, ஒரு மீட்டரில் 17, ஒன்றேகாலில் 29 என்ற மாதிரி. ஒரு கை நீளத்துக்குள் ஆறும் கடலும் மாறிவிடும். மேலேயும் அடியிலும் மட்டும் இரண்டு பாட்டில் நீர் எடுத்துச் சராசரி போடுகிறவர்களுக்கு இந்தப் படிக்கட்டு தெரியவே தெரியாது.

கடத்துத்திறன் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். 35 உப்புள்ள கடல்நீர் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ், 30 டிகிரியில் 58-ஐ ஒட்டி. வெப்பத் திருத்தம் இல்லாத மானியோடு மே மாத வெயிலில் படகில் உட்கார்ந்தால் மூன்று அலகு பிழை சும்மா வந்துவிடும். ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் ஒளிமுறிவு மானி மலிவு, ஆனால் ஓர் அலகு வரை பிழைக்கும். மழைக்காலப் படிக்கட்டைக் காண அது போதும், கோடையில் போதாது. காய்ச்சி வடித்த நீரில் சுழியம் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் தொடங்கவேண்டும்.

கோடையில் படிக்கட்டு பெரும்பாலும் மறைந்து கழி முழுக்கக் கடலுப்பாகிவிடும். வாய் மூடியிருந்தால் ஆவியாகி ஆவியாகி 35-ஐயும் தாண்டும். சென்னையின் ஆறுகள் இதற்கு விலக்கு. ஆறு வறண்டாலும் கழிவுநீர் வறள்வதில்லை, அதுவே இப்போது கோடைக்கால ஆறு. அது இலேசான நீராக மேலே படர்ந்து, கனத்த உப்புநீரை அடியில் பூட்டி வைக்கிறது. அடிநீருக்குக் காற்று எட்டாது. உயிர்வளி (ஆக்ஸிஜன்) தீர்ந்து, சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை கிளம்புகிறது. வாய் திறந்து ஓதம் வலுவாக ஆடினால் இந்த அடுக்கைக் கலக்கி உடைத்துவிடும்.

கடல் பக்கத்தையும் மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி வடக்கே பாய்கிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரைக் கரையோரமாகச் சுமந்து வருகிறது. கோடையில் 34, 35 காட்டிய அதே கடல் டிசம்பரில் 30-ஐ ஒட்டிக் காட்டும். நுட்சன் கணக்கில் 35 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் விடை எங்கோ போய்விடும். அதே மாதங்களில் கரையோரக் கடல்மட்டமும் வருடச் சராசரியைவிட உயர்ந்து நிற்கிறது. வெள்ளம் வடியவேண்டிய நேரத்தில் கடல் வாசற்படியை உயர்த்தி வைக்கிறது என்று அர்த்தம். 2015 டிசம்பர் போன்ற ஒரு வெள்ளத்தை மதிப்பிடும்போது முகத்துவாரத்தில் வைக்கும் கடல்மட்டத்தை வருடச் சராசரியிலிருந்து எடுப்பது சரியில்லை.

மூடிய வாயை வெட்டித் திறப்பதற்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பொழி வெட்டுதல் என்பார்கள். மணக்குடிப் பக்கம் பொழிமுகம் என்ற சொல்லே பருவத்துக்கு மூடித் திறக்கும் வாயைக் குறிக்கும். பாடநூலின் கழிமுகத்தைவிடத் துல்லியமான சொல் அது. வெட்டுவதில் பாதி வேலை நேரம் பார்ப்பது. உள்மட்டம் கடலைவிடக் குறைந்தது அரை மீட்டர் உயர்ந்திருக்கவேண்டும். இல்லாமல் வெட்டினால் கடல் மணலோடு உள்ளே வரும். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், ஐந்தாறு மீட்டர் அகலத்தில், அடிமட்டம் வற்றத்தின் மட்டத்துக்குக் கீழே போகும்படி கால்வாய் தோண்டி, உள்பக்கம் இரண்டு மூன்று மீட்டர் மணலை அடைப்பாக விட்டுவைக்கவேண்டும். கடல் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி ஒன்றிரண்டு மணி ஆனதும் அடைப்பை எடுத்தால், கடல் இறங்க இறங்க நீரின் சரிவு கூடிக்கொண்டே போகும். மிச்சத்தை நீரே அகலப்படுத்திக்கொள்ளும்.

கெடுவது எங்கே? அள்ளிய மணலைத் தெற்கு உதட்டிலேயே குவித்துவிடுவார்கள், கோடை அலை அதைச் சில நாளில் வாய்க்குள் திருப்பித் தள்ளிவிடும். வடபுறத்தில், அலை எட்டாத தூரத்தில் கொட்டவேண்டும். ஒப்பந்தத் தேதி பார்த்து அட்டமியில் வெட்டுவார்கள், நவமி தாண்டுமுன் மூடிவிடும். நெடுநாள் மூடியிருந்த கழியை ஒரே வீச்சில் திறந்தால் உயிர்வளியுள்ள மேல்நீர் மளமளவென்று வடிந்துபோய், அடியில் பூட்டிக்கிடந்த கெட்ட நீர் மட்டும் மிஞ்சி மீன் செத்து மிதக்கும். திறப்பதற்கு முந்தைய நாள் அடிநீரின் உயிர்வளியைப் பார்க்காமல் அடைப்பில் கைவைக்கக் கூடாது.

நிரந்தரத் தீர்வு என்று வாயின் இருபுறமும் கற்சுவர் கட்டுவது உண்டு. மணல்நாக்கை அது தடுக்கும், சில வருடம் நன்றாகவே இருக்கும். தெற்குச் சுவரின் பின்னே மணல் நிரம்பியதும் நுனியைச் சுற்றி வரத் தொடங்கும். அதற்குள் வடக்கே இருக்கும் குப்பங்களின் கரை போயிருக்கும். தெற்கில் சேர்வதை எடுத்து வடக்கில் போட்டுக்கொண்டே இருப்பதற்கு வருடாவருடம் பணம் ஒதுக்காமல் சுவரை மட்டும் கட்டுவது, ராயபுரத்துக் கரைக்கு நடந்ததை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். கடைமடை ஊர்களின் கவலை வேறு: வாய் நன்றாகத் திறந்திருந்தால் உப்பு மேலேறி நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கு வழி, எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று மேலே சொன்னபடி அளந்து, உப்பு நாக்கின் நுனிக்குச் சற்று மேலே ஒழுங்கி, அதாவது திறந்து மூடும் மதகுத் தடுப்பு, வைப்பது. அளக்காமல் வாய்க்குப் பக்கத்திலேயே தடுப்பைக் கட்டினால் ஓதக் கொள்ளளவு முழுதும் போய், தடுப்புக்கு வெளியே மணல் மேடிடும்.

ஒரு முகத்துவாரத்தின் நிலையை அறிய நிறைய நாள் வேண்டாம். அமாவாசை கழிந்த இரண்டாம் நாளும், அடுத்த தசமியும் போதும். உள்ளே ஒரு கோல், வெளியே ஒரு கோல், குறுக்கே ஒரு கயிறு, மிதவைக்குச் சில தேங்காய். அமாவாசையில் உச்ச வேகம் நொடிக்கு ஒரு மீட்டரை எட்டினால் வாய் இப்போதைக்குத் தாங்கும். முக்கால் மீட்டருக்குக் கீழே நின்று, தசமியன்று உள்கோல் பத்து சென்டிமீட்டர்கூட ஆடாமல் கிடந்தால், தெற்கிலிருந்து அடுத்த நெடும் அலை வருமுன் பொக்லைனைக் கூப்பிடலாம். அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே கழியின் பழைய வரைபடத்தை எடுத்துவைத்து, எந்தப் பக்கம் எத்தனை ஏக்கர் மண் விழுந்தது என்று குறிக்கத் தொடங்கலாம்.